எந்த விரல்?

அத்தியாயம் 14

காலை டீ வந்தபோது மருமகள் இரண்டு கட்டில் தள்ளி ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் படுக்கையில் மாமனார் எழுந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையை நீட்டி, பக்கத்து மேசை ஓரத்தில் இருந்த டம்ளரை எடுக்கப் போனார். கை டம்ளருக்கு மேலே காற்றைத் துழாவியது. கீழே இறங்கும்போது டம்ளரைத் தட்டிவிட்டது.

டீ கட்டிலுக்கு அடியில் ஓடியது.

"கை நடுங்குது போல," என்றார் ஆறாம் படுக்கையில் இருந்த ஓய்வு பெற்ற வாத்தியார், யாரையும் பார்க்காமல்.

மருமகள் துணியோடு ஓடிவந்து குனிந்து துடைத்தாள்.

"விடுங்க மாமா. வேற டீ சொல்றேன்."

"வேண்டாம்மா. நீ உன் வேலையைப் பாரு."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாளாக இப்படித்தான் ஓடுகிறது.

நாலு மாதத்தில் மூன்று தடவை விழுந்துவிட்டார் அவர். முதல் தடவை வாசல் படியில். இரண்டாவது தடவை தெருவோரச் சாக்கடைப் பக்கம். மூன்றாவது தடவை வீட்டு மாடிப்படியில். அதில்தான் மணிக்கட்டு முறிந்து, மருமகள் நர்சாக வேலை பார்க்கும் எலும்பு முறிவு வார்டுக்கே வந்து சேர்ந்தார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். சாக்கடைப் பக்கம் விழுந்ததைப் பார்த்த தெருமுனைக் கடைக்காரர், மகனிடம் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்: "என்ன தம்பி, பெரியவர் பழையபடி ஆரம்பிச்சுட்டாரா?"

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அப்பா குடித்துவிட்டு வரும் வீட்டில் வளர்ந்தவன் மகன். அவனுடைய கல்யாணத்துக்கு முதல் நாள் குடியை விட்டவர், பதினோரு வருஷமாகத் தொடவில்லை என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

"வாடை வராமக் குடிக்க அவருக்குத் தெரியும். நீ பார்த்ததில்ல, நான் பார்த்திருக்கேன்," என்றான் மகன், மனைவியிடம்.

அன்றிலிருந்து இரண்டு மாதமாக அப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லை. இன்றைக்கு டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேரே குடி மறக்க வைக்கும் இல்லத்துக்கு; மூன்று மாதம் அங்கேதான். நேற்று மருமகள் இதைச் சொன்னபோது அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தாள். "சரிம்மா," என்று மட்டும் சொன்னார்.

அந்தச் "சரிம்மா"தான் அவளை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

பத்து மணிக்கு எழுத்து அட்டையோடு வந்தார் கறார் சிஸ்டர். வார்டின் மூத்த நர்ஸ். 'கறார்' என்பது நோயாளிகள் வைத்த பெயர். அவருக்கும் அது தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த மாதத்திலிருந்து ஆஸ்பத்திரியில் ஒரு புதுப் பழக்கம். விழுந்து அடிபட்டு வரும் வயதானவர்களை எலும்பை மட்டும் ஒட்டவைத்து அனுப்பக் கூடாது, வார்டு நர்சே கட்டிலருகில் கண்ணையும் பார்த்துவிட வேண்டும். தூரத்து எழுத்து, கிட்டத்து எழுத்து, கடைசியில் விரல். பத்து நிமிஷ வேலை. மருமகளே முப்பது பேருக்கு மேல் பார்த்திருப்பாள். ஆனால் சொந்தக்காரர்களுக்குப் பார்க்கக் கூடாது என்பது வார்டின் சட்டம்.

"நீ ஓரமா நில்லு," என்றார் கறார் சிஸ்டர். "ஒரு எழுத்துகூட எடுத்துக் குடுக்கக் கூடாது. கண் ஜாடையும் கூடாது."

முதலில் வாத்தியார். கட்டிலின் கால்மாட்டில் அட்டையைத் தூக்கிப் பிடித்ததும், வகுப்புக்குப் பாடம் நடத்துகிற குரலில், "ப! ட! ம! ய! க!" என்று வார்டே அதிரப் படித்தார். அடுத்த வரியையும் அப்படியே.

அடுத்தது மாமனார்.

"ப, ட, ம, ய, க," என்றார் ஒரே மூச்சில். அடுத்த வரியும் தங்குதடையில்லாமல் வந்தது.

கறார் சிஸ்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அட்டையைச் சத்தமில்லாமல் பின்பக்கம் திருப்பினார். அதில் வேறு எழுத்துகள்.

"இன்னொரு தடவை படிங்க ஐயா."

"ப, ட, ம, ய, க."

"டிரைவர் சார்!" வாத்தியார் தொடையில் தட்டிச் சிரித்தார். "என்னைப் பார்த்துக் காப்பி அடிச்சுட்டீங்களே!"

"வண்டி தப்பான ரூட்ல போகுது ஐயா," என்றார் கறார் சிஸ்டர். வார்டு மொத்தமும் சிரித்தது.

மாமனாரும் அசடு வழியச் சிரித்தார். "டிப்போவுல வருஷா வருஷம் கண் டெஸ்ட் வைப்பாங்க. வரிசையில முன்னால நிக்கிறவன் சொல்றதைக் காதுல வாங்கிக்கிறது. பழக்க தோஷம் சிஸ்டர்."

நிஜமாகப் படிக்கச் சொன்னபோது நாலு வரி வரைக்கும் படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தித்தாளையும் தட்டித் தடுமாறிப் படித்துவிட்டார். அறுபத்தேழு வயசுக்கு மோசமில்லை.

மருமகளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்படி ஆனதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. மாமனாருக்குக் கண் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றா இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டிருந்தாள்? ஆமாம். அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப விரல்." கறார் சிஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "இடது கையால வலது கண்ணை மூடுங்க. என் மூக்கையே பாருங்க. அழகா இல்லைன்னாலும் வேற எங்கயும் பாக்கக் கூடாது. ஓரத்துலருந்து விரலை ஆட்டிக்கிட்டே கொண்டு வருவேன். தெரிஞ்ச உடனே சொல்லணும்."

மேலேயிருந்து வந்தது விரல். "தெரியுது." பக்கவாட்டில் வந்தது. "தெரியுது."

பிறகு கீழேயிருந்து. மடி உயரத்தில் கிளம்பிய விரல் வயிற்றைத் தாண்டியது. நெஞ்சுக்கு வந்தது. மருமகள் தன் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். கழுத்தைத் தாண்டித் தாடைக்குப் பக்கத்தில் வந்து விரல் ஆடிக்கொண்டே இருந்தது. மாமனார் ஒழுங்காக மூக்கையே பார்த்துக்கொண்டு, வரிசையில் நிற்கிற ஆள் போலப் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஆரம்பிக்கலாம் சிஸ்டர்," என்றார்.

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு ஐயா. விரல் தெரியலையா?"

"எந்த விரல்?"

வாத்தியார் சிரிக்கவில்லை. யாருமே சிரிக்கவில்லை.

வலது கண்ணையும் பார்த்தார்கள். அதிலும் விரல் நெஞ்சுக்கு மேலே ஏறிய பிறகுதான் தெரிந்தது.

வாசல் படி. சாக்கடை ஓரம். மாடிப்படி. காலையில் கொட்டிய டம்ளர். எல்லாமே கண்ணுக்குக் கீழே இருக்கிற சங்கதிகள். மருமகளுக்கு ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்துகொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை.

கறார் சிஸ்டர் அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"கீழ்ப் பார்வை போயிருக்கு. கண் டாக்டர் பாக்காம டிஸ்சார்ஜ் கிடையாது. ஒன்றரை மணிக்கு நேரம் வாங்கறேன். ஆமா, நீ இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பார்த்தே?"

"முப்பத்திரண்டு."

"வீட்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கறார் சிஸ்டரின் குரல் இறங்கியது. "நானும் எங்கம்மாவுக்குப் பாக்கலைடி. போ. போய் அவர் பக்கத்துல உட்காரு. உன் கட்டிலையெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

மாமனார் தன் விரலையே கீழேயிருந்து மேலே கொண்டுவந்து, மறுபடி கீழே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பார்வை சரியில்லைன்னு ஏன் மாமா சொல்லலை?"

"சரியில்லைன்னு தெரிஞ்சாத்தானேம்மா சொல்றதுக்கு? இருட்டா இருந்தா இருட்டுன்னு சொல்லலாம். எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது. படி மட்டும் இருக்க வேண்டிய இடத்துல இருக்காது."

"குடிக்கலைன்னு அடிச்சுச் சொல்லியிருக்கலாமே?"

"ஒரு தடவை சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான் பாரு ஒரு பார்வை... சின்னப் பிள்ளையில வாசல்ல நின்னு பார்ப்பானே, அதே பார்வை. அப்பல்லாம் குடிச்சுட்டு வந்து, குடிக்கலைன்னுதான் தினமும் சொல்லுவேன். இப்ப அதே வாய் அதே வார்த்தையைச் சொன்னா எப்படிம்மா நம்புவான்?"

அவள் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"கடைசியில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. குடிக்காமலே தள்ளாடுறோமே, இந்த உடம்பு பழசையெல்லாம் ஞாபகம் வச்சுக்கிட்டு ஆடுதோன்னு. சரி, இல்லத்துல போய் இருந்துட்டு வந்தா அவன் பேசுவான்ல? அதான் சரின்னேன்."

"நானும் நம்பலை மாமா." சொல்லும்போதே குரல் உடைந்தது. "உங்களைக் குடிச்சு நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல. இருந்தும் நம்பலை."

"நீ என்னோட பேசாம இருந்ததில்லையேம்மா," என்றார் அவர். கட்டுப் போடாத கையால் அவள் தலையை லேசாகத் தொட்டார். "போ, மூக்கைச் சிந்து. அந்தம்மா வந்தாத் திட்டும்."

மகன் பன்னிரண்டரைக்கு வந்தான். தோளில் அப்பாவின் துணிப்பை, கையில் இல்லத்தில் கொடுத்த படிவம். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலை நடை முடிந்தாயிற்று. மூன்றரைக்குப் பிள்ளைகளைத் திரும்ப ஏற்ற வேண்டும். நடுவில் இந்த வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்திருந்தான்.

மருமகள் வராந்தாவிலேயே மறித்தாள்.

"உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

"கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பணும். அப்புறமா சொல்லு."

"அவர் குடிக்கலைங்க."

அவன் முகம் இறுகியது. "உன்கிட்ட அழுதாரா?"

"அழலை. டெஸ்ட் பண்ணோம். அவருக்குக் கீழ்ப் பார்வை இல்ல. எதிர்ல இருக்கிறது தெரியும், காலுகிட்ட இருக்கிறது தெரியாது. அவ்வளவுதாங்க விஷயம்."

"பேப்பர் படிக்கிறாரு!"

"படிப்பாரு. பேப்பரை முகத்துக்கு நேரா வச்சுத்தானே படிக்கிறாரு. படியை அப்படித் தூக்கி வச்சுக்க முடியுமா?"

அவன் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். படிவத்தை இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

"நீ இதையே தொழிலாப் பண்றியே, உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டாமா?"

"தெரிஞ்சிருக்கணும். தப்புதான். ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம்."

"அப்போ ரெண்டு மாசமா நான் அவர்கிட்ட..."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தோளிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இருவரும் உள்ளே போனபோது மாமனார் முதலில் பார்த்தது பையைத்தான்.

"கொண்டாந்துட்டியாப்பா? ரெண்டு சட்டை போதும். அங்கயே துவைச்சுக்குவேன்."

மகன் கட்டிலருகில் நின்றான். "எங்கயும் போகலை. கண் டாக்டரைப் பாக்கத்தான் போறோம்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. "போறீங்க" என்று சொல்லியிருக்கலாம். "போறோம்" என்றான். அந்த ஒரு சொல்லைப் பெரியவர் காதில் வாங்கிக்கொண்ட விதத்தை மருமகள் பார்த்தாள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண் பிரிவு பக்கத்துக் கட்டிடத்தில். நடுவில் ஒன்பது படி இறங்க வேண்டும். சக்கர நாற்காலி வேண்டாம் என்று பெரியவர் ஒரே பிடியாக நின்றார். மகன் அவருக்கு ஒரு படி கீழே நின்று, அவரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினான்.

"படி."

"தெரியும்டா."

"தெரியாது. படி."

"சரி, தெரியாது."

"இன்னொரு படி. அகலம் கம்மி, பாத்து."

"கண்டக்டர் வேலைக்கு நல்லா வருவே," என்றார் பெரியவர். மகன் சிரித்துவிட்டான். சிரிக்கும்போது அவன் கண் நிறைந்திருந்தது. அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

கண் டாக்டர் அவசரப்படாத பெண்மணி. கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்தார். விளக்கைப் பாய்ச்சி நரம்பைப் பார்த்தார். ஒரு இயந்திரத்தின் முன் உட்காரவைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கண் அழுத்த நோய் ஐயா. வலிக்காது, சிவக்காது. சத்தமே இல்லாம ஓரத்துலருந்து பார்வையைத் தின்னுக்கிட்டே வரும். போனது திரும்பாது. மிச்சம் இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம். ஒரு நாள்கூட விடக் கூடாது."

"இது எத்தனை வருஷமா இருக்கும் டாக்டர்?"

"சரியாச் சொல்ல முடியாது. பல வருஷமா."

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே?"

"இருந்திருக்கலாம்."

பெரியவர் தன் மடியைப் பார்ப்பதற்காகத் தலையை நன்றாகக் குனிந்தார். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடிதான் நான் ரிட்டயர் ஆனேன். கடைசி நாள் வரைக்கும் வண்டி ஓட்டினேன். கூட்டமான ரூட். யார் மேலயும் ஒரு சின்னக் கீறல் விழலை. இத்தனை நாளும் அது என் சாமர்த்தியம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே."

டாக்டர் மகன் பக்கம் திரும்பினார்.

"இன்னொண்ணு. இது குடும்பத்துல வர்ற வியாதி. பிள்ளைங்களும் பாத்துக்கணும். உங்களுக்கு என்ன வயசு?"

"நாற்பத்தொண்ணு," என்றான் மகன். "பாத்துக்கலாம் டாக்டர். அடுத்த வாரம் வர்றேன். மூன்றரைக்கு நான் ஸ்கூல்ல நிக்கணும்."

"வண்டியில எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார் பெரியவர்.

"பதினெட்டு. உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"சாவியைக் குடு."

"அப்பா, எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"எனக்கும் நல்லாத்தான்டா தெரிஞ்சுது." குரல் உயரவில்லை. இடது உள்ளங்கையை மட்டும் நீட்டினார். "குடு."

மகன் மனைவியைப் பார்த்தான். அவளுக்கு உள்ளூர பயம். வேன்தான் அந்த வீட்டின் சோறு. அவன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தான். அப்பாவின் கை இருந்த உயரத்துக்குக் குனிந்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டான். பிறகு இயந்திரத்தின் முன் போய் உட்கார்ந்தான்.

மாமனாரும் மருமகளும் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். கதவு மூடியிருந்தது. சாவியை அவர் பாக்கெட்டில் போடவில்லை, பிடித்தபடியே இருந்தார்.

"போன் போட்டு வேற வண்டி அனுப்பச் சொல்லிடும்மா."

"ஒண்ணும் இருக்காது மாமா."

"இல்லைன்னா நல்லதுதான். இன்னைக்கு ஒரு நாள் வேற யாராவது கூட்டிட்டுப் போகட்டும்."

அவள் பேசி முடித்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து வேன்காரர் ஒருவர் ஒத்துக்கொண்டார். மணி இரண்டே முக்கால் ஆயிற்று. மூன்று ஆயிற்று. மாமனாரைப் பார்க்க இவ்வளவு நேரம் ஆகவில்லை என்று இருவருக்குமே தோன்றியது.

கதவு திறந்தது. வந்தது மகன் இல்லை, டாக்டர்.

"சிஸ்டர், கொஞ்சம் உள்ள வர்றீங்களா?"

அவள் எழுந்தாள். பக்கத்தில் மாமனாரும் எழுந்துவிட்டார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காலியான கையை அவள் தோளில் வைத்தார்.

"நானும் வர்றேன்மா," என்றார். "வாசப்படி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு."